சோளப்பொரி இன்ஷூரன்ஸ்

"யானைப் பசிக்குச் சோளப்பொரி" என்பது நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் பழமொழி. அதற்கு நல்ல உதாரணம் ஒன்று காட்டு என்று யாராவது கேட்டால், இனி நான் அமெரிக்க நாட்டு மோட்டார் இன்ஷூரன்ஸைத்தான் காட்டுவேன்.

நான் பௌதிகம் பயிலும் மாணவன். சட்டம் கற்றவன் அல்லன். ஆயினும் சென்ற ஓராண்டாக இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கும்படி நேர்ந்தது. காரணம், நம் மன்றத்தின் முன்னாள் உறுப்பினரான ஓர் அண்ணன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். "என் பெயர் எதற்கு? நடந்ததை மட்டும் எழுது, தம்பி. அடுத்து வருகிற பிள்ளைகளுக்காவது உபயோகப்படட்டும்" என்றார். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நம் மன்றத்திலிருந்து ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களில் நாலைந்து பேராவது மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்கிறார்கள். அவர்களுக்குப் பிரிவுபசாரம் நடத்துகிறோம். குளிருக்குக் கம்பளிச் சட்டை, பிரஷர் குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் என்று எதை எதையோ நினைவூட்டி அனுப்புகிறோம். அந்நாட்டில் பல ஊர்களில் கார் இல்லாமல் காய்கறிக் கடைக்குக்கூடப் போக முடியாது. ஆகவே போன சில மாதங்களில் அவர்கள் ஒரு பழைய கார் வாங்குவார்கள். காரோடு ஒரு பாலிசியும் வாங்குவார்கள். அந்தப் பாலிசியைப் பற்றி மட்டும் நாம் யாரும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவதில்லை.

நடந்தது இது

அண்ணன் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவர். ஒரு மாலை ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்புகையில், சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் வந்த வேறொரு கார் அவர் காரின் பக்கவாட்டில் மோதிற்று. தொடை எலும்பு முறிந்தது. தவறு முழுவதும் மோதியவருடையது. போலீஸ் அறிக்கையும் அப்படியே கூறிற்று. "தவறு அவர்மேல் இருக்கிறது, அவருடைய கம்பெனி எல்லாவற்றையும் கொடுத்துவிடும்" என்று அண்ணன் நம்பினார். நாமாக இருந்தாலும் அப்படித்தானே நம்பியிருப்போம்!

ஆஸ்பத்திரிக் கணக்கு மட்டும் 70,000 டாலரைத் தாண்டியது. மோதியவரின் கம்பெனி தகராறு எதுவும் செய்யவில்லை. 30,000 டாலருக்குக் காசோலை அனுப்பிவிட்டு, அத்துடன் தன் பொறுப்பு தீர்ந்தது என்று எழுதிவிட்டது. மோதியவர் வாங்கியிருந்த பாலிசி அவ்வளவுக்குத்தான். அந்த 30,000மும் முழுதாக அண்ணன் கைக்கு வரவில்லை. மாணவர்களுக்கான வைத்திய இன்ஷூரன்ஸ் தான் கொடுத்த தொகையை அதிலிருந்து திருப்பித் தரும்படி கேட்டது. வக்கீலுக்கும் பங்கு போயிற்று.

அந்த வக்கீல்தான் முதன்முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுடைய சொந்தப் பாலிசியில் 'அண்டர்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட்' என்ற ஷரத்து இருக்கிறதா?" அண்ணன் பாலிசியைப் புரட்டிப் பார்த்தார். இல்லை. இல்லாதது மட்டுமன்று, அது வேண்டாம் என்று அவரே கையொப்பம் இட்டிருந்தார். கார் வாங்கிய அன்று கைப்பேசித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பத்திரங்களில், மாதம் சில டாலர் மிச்சம் என்று எண்ணி, விரலால் கீறிய கையொப்பம் அது. அப்படி ஒன்று செய்தது அவருக்கு நினைவில்கூட இல்லை.

அந்த ஷரத்து என்ன? இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? இருந்தாலும் எளிதாகக் கிடைத்திருக்குமா? இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

மூன்று எண்கள்

அமெரிக்காவில் மோட்டார் இன்ஷூரன்ஸுக்கு நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு சட்டம் வைத்திருக்கிறது. கார் வைத்திருப்பவர் எல்லாரும் இன்ஷூரன்ஸ் எடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை முதலில் 1927இல் மஸாசூஸெட்ஸ் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் கட்டாயம் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மட்டும் சாதாரண ஓட்டுநர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை.

இந்தக் கட்டாய இன்ஷூரன்ஸ் நம்மால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கானது. இதைப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் என்று கூறலாம். இதன் அளவை மூன்று எண்களால் குறிப்பிடுவார்கள். டெக்ஸாஸில் சட்டம் கேட்கும் குறைந்த அளவு 30, 60, 25. இவை ஆயிரக்கணக்கில் டாலர். அஃதாவது, காயமுற்ற ஒருவருக்கு அதிகபட்சம் 30,000. ஒரே விபத்தில் காயமுற்ற எல்லாருக்கும் சேர்த்து 60,000. வண்டி முதலிய சொத்துச் சேதத்துக்கு 25,000. நான்கு நண்பர்கள் ஒரே காரில் சென்று நால்வரும் காயமுற்றால், அந்த 60,000த்தை நால்வரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கலிபோர்னியாவின் கதை இன்னும் வேடிக்கையானது. அங்கே 1967இல் 15, 30, 5 என்று நிர்ணயித்தார்கள். ஒருவருக்கு 15,000 டாலர். இடையில் ஆஸ்பத்திரிக் கட்டணம் எத்தனையோ மடங்கு ஏறிற்று; மனிதன் சந்திரனுக்கே போய்த் திரும்பினான்; இந்த எண்கள் மட்டும் அசையவில்லை. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் அது 30, 60, 15 ஆக உயர்ந்தது. எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவருக்கு இந்தப் புதிய 30,000மும் சோளப்பொரியே.

"மிச்சத் தொகையை மோதியவரிடமே கேட்டு வாங்கினால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். வழக்குத் தொடுக்கலாம், தீர்ப்பும் பெறலாம். ஆனால் தீர்ப்பு வேறு, பணம் வேறு. மிகக் குறைந்த பாலிசி வாங்குபவர் பெரும்பாலும் கையில் ஒன்றும் இல்லாதவர். மேலும் டெக்ஸாஸில் இத்தகைய கடனுக்காக ஒருவருடைய சம்பளத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. அவர் குடியிருக்கும் வீட்டுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆகவே வெற்றி பெற்றவர் தீர்ப்புக் காகிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்!

நம் நாட்டிலிருந்து செல்பவருக்கு இது எளிதில் விளங்காததற்குக் காரணம் உண்டு. இங்கே 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸ் கட்டாயம். விபத்தில் பிறர் இறந்தாலோ காயமுற்றாலோ, வயது, வருமானம், காயத்தின் தன்மை இவற்றைப் பார்த்து நஷ்டஈட்டைத் தீர்மானிப்பது தீர்ப்பாயம். அதைக் கம்பெனி கொடுக்கிறது. உயிருக்கும் உடலுக்கும் இவ்வளவுக்குமேல் இல்லை என்று ஒரு சிறு தொகையைப் பாலிசியில் எழுதி வைப்பதில்லை. நம் துன்பம் வேறு வகை: மோதிய வண்டிக்கு இன்ஷூரன்ஸே இல்லாமல் இருக்கும், அல்லது வண்டி நிற்காமல் ஓடிவிடும். அப்படி ஓடிவிட்டால், 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மரணத்துக்கு 2,00,000 ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் திட்டம் இருக்கிறது. ஆனால் "மோதியவரிடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஆனால் போதவில்லை" என்ற நிலை நமக்குப் புதிது. அதனால்தான் அந்த ஷரத்தின் பெயரைப் படித்தாலும் நமக்கு ஒன்றும் உறைப்பதில்லை.

ஷரத்து பிறந்த விதம்

மோதியவரிடம் இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால், காயமுற்றவருக்கு அவருடைய சொந்தக் கம்பெனியே நஷ்டஈடு கொடுக்கட்டும் என்ற யோசனை 1950களில் எழுந்தது. 1957இல் நியூ ஹாம்ப்ஷயர் இதைச் சட்டமாக்கிற்று. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இது இன்றும் அவசியமே. இன்ஷூரன்ஸ் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று அந்நாட்டில் கணக்கெடுத்தபோது, 2019இல் சுமார் 8 ஓட்டுநர்களுக்கு ஒருவர் இன்ஷூரன்ஸ் இல்லாமலேயே வண்டி ஓட்டினார் என்று தெரியவந்தது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் முளைத்தது. இன்ஷூரன்ஸே இல்லாதவர் மோதினால், நம் பாலிசியிலிருந்து கணிசமான தொகை கிடைக்கும். சொற்பமான இன்ஷூரன்ஸ் உள்ளவர் மோதினாலோ, அந்தச் சொற்பம் மட்டுமே கிடைக்கும். அதாவது, சட்டத்தை மதித்தவர் மோதுவதைவிட மதிக்காதவர் மோதுவது நமக்கு லாபம்! இந்த அபத்தத்தைப் போக்கத்தான் குறைந்த இன்ஷூரன்ஸ் உள்ளவரால் நேரும் நஷ்டத்துக்கும் நம் பாலிசியே ஈடு செய்யும் ஷரத்து வந்தது. அதை இக்கட்டுரையில் குறைக்காப்பு ஷரத்து என்று அழைப்போம்.

இந்த ஷரத்து பாலிசிதாரரைக் காக்கும்; அவரோடு ஒரே வீட்டில் வாழும் உறவினரைக் காக்கும்; அவருடைய காரில் பயணம் செய்பவரைக் காக்கும். பொதுவாக, பாலிசிதாரர் நடந்து செல்லும்போதோ சைக்கிளில் செல்லும்போதோ கார் மோதினாலும் காக்கும். மினஸோட்டா முதலிய சில மாநிலங்களில் இது கட்டாயம். டெக்ஸாஸிலும் கலிபோர்னியாவிலும் கம்பெனி இதைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் வாங்குபவர் எழுத்து மூலமாக வேண்டாம் எனலாம். அண்ணன் கீறிய கையொப்பம் இதுவே.

கழித்தலும் கூட்டலும்

இப்போது கணக்குக்கு வருவோம். கண்ணன் என்று ஒரு மாணவரை வைத்துக்கொள்வோம். அவருக்கு ஏற்பட்ட நஷ்டம் மொத்தம் 1,00,000 டாலர். மோதியவரின் பாலிசி 30,000. கண்ணனுடைய குறைக்காப்பு 50,000. அவருக்கு எவ்வளவு கிடைக்கும்?

மினஸோட்டாவில் விபத்து நடந்தால், மோதியவரின் 30,000த்துக்குமேல் கண்ணனின் 50,000மும் சேரும். மொத்தம் 80,000. இது கூட்டல் முறை. டெக்ஸாஸிலும் விளைவு இதுவே. அங்கே 1989இல் மாநில சுப்ரீம் கோர்ட்டு ஒரு தெளிவான விதி வகுத்தது. மோதியவரின் பாலிசி 'குறைவானதா' என்பதை நம் பாலிசியோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடாது. நம் நஷ்டத்தோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும் என்பது அந்த விதி.

கலிபோர்னியாவில் கதை வேறு. அங்கே கண்ணனின் 50,000த்திலிருந்து மோதியவர் கொடுத்த 30,000த்தைக் கழிப்பார்கள். மிச்சம் 20,000தான் கண்ணனின் கம்பெனி கொடுக்கும். மொத்தம் 50,000. இது கழித்தல் முறை. இங்கே குறைக்காப்பு என்பது மேலே வைக்கும் மாடி அன்று. பள்ளத்தை ஒரு மட்டம் வரை நிரப்பும் மண்.

இனி ஒரு படி மேலே போவோம். கண்ணன் சிக்கனமானவர், குறைக்காப்பும் 30,000க்குத்தான் வாங்கினார் என்று கொள்வோம். கலிபோர்னியாவில் 30,000த்தில் 30,000 போனால் மிச்சம் சுழி. பிரீமியம் கட்டினார், ஷரத்தும் இருக்கிறது, ஆனால் இந்த விபத்தில் அதிலிருந்து ஒரு டாலரும் வராது. இன்ஷூரன்ஸே இல்லாதவர் மோதினால்தான் அவருடைய 30,000 வெளியே வரும். ஆகவே, "ஷரத்து இருக்கிறதா?" என்று கேட்பது பாதிக் கேள்வி. "எவ்வளவுக்கு இருக்கிறது? என் மாநிலத்தில் கூட்டலா, கழித்தலா?" என்பதே முழுக் கேள்வி.

நண்பன் எதிர்க்கட்சியாகும் இடம்

இனித்தான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். ஷரத்து இருக்கிறது, தொகையும் போதுமான அளவு இருக்கிறது. நம் கம்பெனிதானே, மாதந்தோறும் நம்மிடம் பணம் வாங்கிய கம்பெனிதானே, கேட்டவுடன் கொடுத்துவிடும் என்று எண்ணலாம். அதுதான் இல்லை.

சட்டத்தின் தர்க்கத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். இந்த ஷரத்தின்படி நம் கம்பெனி கொடுக்க வேண்டியது, மோதியவரிடமிருந்து சட்டப்படி நமக்கு வரவேண்டிய தொகையில் அவர் பாலிசி போக எஞ்சியது. ஆகவே முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். தவறு யாருடையது? நஷ்டம் எவ்வளவு? இந்த இரண்டு கேள்விகளிலும் நம் கம்பெனி மோதியவரின் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு நிற்கிறது. அவர் சொல்லக்கூடிய வாதங்களையெல்லாம் அது சொல்லலாம். நாம் பணம் கட்டி வளர்த்த கம்பெனியே நமக்கு எதிர்க்கட்சியாகிறது!

என்ன வாதங்கள்? "நீயும் வேகமாக வந்தாய், தவறில் 20 சதவிகிதம் உன்னுடையது" என்பது ஒன்று. கண்ணனின் 1,00,000 இதனால் 80,000 ஆகிவிடும். டெக்ஸாஸில் தவறு 50 சதவிகிதத்தைத் தாண்டி நம்முடையது என்றாகிவிட்டால் ஒன்றுமே கிடையாது. "முதுகுவலி உனக்கு விபத்துக்கு முன்பே இருந்ததே" என்பது இன்னொன்று. "இத்தனை நாள் வைத்தியம் தேவையில்லை" என்பது மற்றொன்று. "மூன்று வாரம் வைத்தியரிடமே போகவில்லையே, அப்படியானால் வலி எங்கே இருந்தது?" என்பது வேறொன்று. செலவுக்கு அஞ்சி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் நம் மாணவர்களை இந்தக் கடைசி வாதம்தான் மிகவும் பாதிக்கும். பொறுமை இங்கே சாட்சியாக மாறி நமக்கு எதிராகவே பேசுகிறது.

டெக்ஸாஸின் சுப்ரீம் கோர்ட்டு 2006இல் அளித்த ஒரு தீர்ப்பு இந்தத் தர்க்கத்தைக் கடைசி எல்லைவரை கொண்டுபோயிற்று. மோதியவர்மேல் தவறு என்பதையும் நஷ்டம் இவ்வளவு என்பதையும் ஒரு கோர்ட்டு தீர்ப்பாக நிலைநாட்டும் வரையில், குறைக்காப்புத் தொகையைக் கொடுக்க வேண்டிய ஒப்பந்தக் கடமை கம்பெனிக்குப் பிறப்பதே இல்லை என்றது அத்தீர்ப்பு. வெறுமனே கோரிக்கை அனுப்பினால் போதாது. கம்பெனி மனமுவந்து உடன்பட்டால் சரி; இல்லையேல் கோர்ட்டுப் படி ஏறத்தான் வேண்டும்.

கலிபோர்னியாவில் இத்தகைய தகராறுகள் சாதாரணமாக ஜூரியிடம் போவதில்லை. இரு தரப்புக்கும் பொதுவான ஒரு மத்தியஸ்தர் விசாரித்துத் தீர்ப்பளிப்பார். செலவும் காலமும் சற்றுக் குறையலாம். ஆனால் நிரூபிக்க வேண்டியவை அதே இரண்டு விஷயங்கள்தாம். கோர்ட்டானாலும் மத்தியஸ்தமானாலும், கையில் சாட்சியம் இல்லாதவன் பேச்சு அம்பலம் ஏறாது.

அவசரக் கையொப்பம்

இன்னொரு பொறியையும் சொல்லியாக வேண்டும். மோதியவரின் கம்பெனி காசோலையோடு ஒரு விடுதலைப் பத்திரத்தையும் அனுப்பும். "இதைப் பெற்றுக்கொண்டு, இனி மோதியவர்மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று நாம் கையொப்பமிட வேண்டும். கடன்காரர்கள் கதவைத் தட்டும் வேளையில் யார்தான் தயங்குவார்கள்?

ஆனால் நம் கம்பெனி நமக்குப் பணம் கொடுத்தால், அந்தப் பணத்தை மோதியவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை அதற்கு வரும். நாம் அவரை விடுவித்துவிட்டால், அந்த உரிமையையும் சேர்த்து அழித்துவிடுகிறோம். ஆகவே பல பாலிசிகளில் "எங்கள் சம்மதம் இல்லாமல் சமரசம் செய்தால் குறைக்காப்புக் கிடையாது" என்ற விதி இருக்கும். இதனால் காயமுற்றவர் இருபுறமும் நெருக்குண்டார்: காசோலையை வாங்கினால் இது போகும்; வாங்காவிட்டால் அது வராது.

இந்த முடிச்சை மினஸோட்டாவின் சுப்ரீம் கோர்ட்டு 1983இல் அழகாக அவிழ்த்தது. சமரசத்துக்கு முன் நம் கம்பெனிக்கு 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதற்குள் அது மோதியவரின் நிலைமையை விசாரித்துக்கொள்ளலாம். அவரிடம் சொத்து இருக்கிறது, பின்னால் வசூலிக்கலாம் என்று தோன்றினால், அவர் கம்பெனி தரவிருந்த தொகையைத் தானே நமக்குக் கொடுத்து, வசூல் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்யாமல் 30 நாள் கழிந்தால், நாம் சமரசம் செய்துகொள்ளலாம்; குறைக்காப்பும் போகாது. எல்லா மாநிலங்களிலும் இவ்வளவு நேர்த்தி கிடையாது. ஆனால் இதன் பாடம் எங்கும் பொருந்தும்: நம் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காமல் எந்த விடுதலைப் பத்திரத்திலும் கையொப்பமிடக் கூடாது.

கலிபோர்னியாவில் இதோடு இன்னொரு கண்ணியும் உண்டு. மோதியவரின் பாலிசித் தொகை முழுவதும் தீர்ந்தால்தான் அங்கே குறைக்காப்புக் கதவு திறக்கும். 30,000க்குப் பதில் 28,000 போதும், சீக்கிரம் முடியட்டும் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், விட்டது 2,000 என்று நினைப்பார். உண்மையில் விட்டது குறைக்காப்பு முழுவதும்.

செல்பவர்க்குச் சில சொற்கள்

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை என்ன?

முதலாவது, பாலிசி வாங்கும் நாளில் 'வேண்டாம்' என்று சொல்லும் பத்திரம் வந்தால் அங்கே நிறுத்துங்கள். நீங்கள் மிச்சம் பிடிப்பது என்ன, விட்டுக்கொடுப்பது என்ன என்று கேளுங்கள். குறைக்காப்புக்கு வைத்திருக்கும் பிரீமியம், நம் மாணவர்கள் ஒரு வாரத்தில் காப்பிக்குச் செலவிடும் தொகையைவிடப் பெரிதாக இருப்பது அரிது என்று அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இரண்டாவது, அளவைப் பாருங்கள். பல மாநிலங்களில் குறைக்காப்பின் அளவு நம் பொறுப்பு இன்ஷூரன்ஸின் அளவைத் தாண்ட முடியாது. ஆகவே இதை உயர்த்த வேண்டுமானால் அதையும் உயர்த்த வேண்டும். அதிலும் நன்மை உண்டு. நாளை தவறு நம்முடையதாகவே இருந்து, இன்னொருவருடைய பிள்ளை காயமுற்றால், அவனுக்கு நாம் சோளப்பொரியை நீட்டாமல் இருக்கலாம் அல்லவா?

மூன்றாவது, கார் இல்லாதவரும் இதைக் கவனிக்க வேண்டும். நண்பரின் காரில் வாரந்தோறும் கடைக்குச் செல்பவர், அந்த நண்பரின் பாலிசி என்னவென்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருவருக்கு இவ்வளவு, விபத்துக்கு இவ்வளவு என்ற இரட்டை வரம்பு குறைக்காப்பிலும் உண்டு. நால்வர் செல்லும் காரில் அந்த இரண்டாம் எண்ணே முக்கியம்.

நான்காவது, விபத்து நடந்தால் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். சொன்ன நாளில் மறுபடி செல்லுங்கள். போலீஸ் அறிக்கை, படங்கள், சாட்சிகளின் விலாசம், ஒவ்வொரு ரசீது, ஆய்வுக்கூடத்துக்குப் போக முடியாத ஒவ்வொரு நாள் ஆகிய எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். விஞ்ஞான மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? ஆய்வேட்டில் எழுதாத அளவீடு அளக்காததற்குச் சமம் என்று தினமும் கேட்கிறோமே!

ஐந்தாவது, மோதியவரின் கம்பெனிக்கு மட்டுமன்றி நம் கம்பெனிக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் அன்பாகப் பேசினால் நாமும் அன்பாகப் பேசுவோம். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நமக்கு எதிர்த் தரப்பு என்பதை மறவாதிருப்போம். அவர்களைத் தீயவர் என்று நான் சொல்லவில்லை. அந்த ஷரத்தின் அமைப்பே அப்படி.

இது நிற்க. இன்று அண்ணன் எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கேட்பீர்கள். நடக்கிறார், மாடிப்படி ஏறும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரியோடு பேசித் தவணை வாங்கியிருக்கிறார். அவருக்குக் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகையில் ஒரு பகுதி மாதந்தோறும் அதற்குப் போகிறது. வீட்டுக்கு அனுப்பிவந்த பணம் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று தம் தாயாரிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. "சிவப்பு விளக்கில் வந்தவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, தம்பி. அவன் ஒரு நிமிஷம் கவனிக்கவில்லை. நானும் ஒரு நிமிஷம் கவனிக்கவில்லை" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். தவறு செய்தவர் ஒருவர். தவணை கட்டுபவர் வேறொருவர். இதை முற்றும் மாற்ற நம்மால் ஆகாது. அது அந்நாட்டுச் சட்டமன்றங்களின் வேலை. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தை நம்மால் திருத்திக்கொள்ள முடியும். இந்த ஆண்டு நம் பிரிவுபசாரக் கூட்டத்தில் மாலை போட்டு, பருப்புப் பொடிப் பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது, இந்த ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவோமாக: "கையொப்பம் இடுமுன் படித்துப் பார்."